நம்மைக் கேட்காமல் வந்த போர்

1939 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பிரிட்டன் அன்று ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் ஜெர்மனியோடு போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். டெல்லியில் மத்திய சட்டசபை இருந்தது, அதைக் கேட்கவில்லை. மாகாணங்களில் தேர்தலில் வென்று வந்த அமைச்சரவைகள் இருந்தன, அவற்றையும் கேட்கவில்லை. நாற்பது கோடியை நெருங்கிக்கொண்டிருந்த மக்கள், ஒரே ஓர் அறிவிப்பில் உலகப் போருக்குள் தள்ளப்பட்டார்கள்.

சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) அப்போது இருந்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1930இல் அவர் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் பாடிச் சென்ற பாட்டை எழுதியவர், மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை. ஆயுதம் தொடாத போராட்டத்துக்கு ஒரு மாகாணத்தையே பழக்கியிருந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் சம்மதம் கேட்கப்படாமலேயே, அதன் பிள்ளைகள் லிபியப் பாலைவனத்துக்கும் மலாயாக் காட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

பெரும் போர் ஒன்றில் சேர விரும்பாத நாடு எப்படி அதற்குள் இழுபடுகிறது என்ற கேள்விக்கு உலக வரலாற்றில் பல விடைகள் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு பொதுவான உண்மை தெரிகிறது. போர் அறிவிக்கப்படும் நாளில் எந்த நாடும் இழுக்கப்படுவதில்லை. அதற்கு வெகு நாள் முன்பே துறைமுகம், பாதை, கடன், எரிபொருள் என்று சிறு சிறு இசைவுகள் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. அவை பெரும்பாலும் மக்கள் மன்றத்தின் முன் வராமலேயே கொடுக்கப்படுகின்றன. நடுநிலையைக் காக்க விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒரே பேரரசு, நான்கு விடைகள்

அதே 1939 செப்டம்பரில், அதே பிரிட்டிஷ் மன்னரின் கீழ் இருந்த மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் விஷயம் துலங்கும். தென்னாப்பிரிக்காவின் பிரதமர் ஹெர்ட்சாக் நடுநிலை வகிக்க வேண்டும் என்றார். செப்டம்பர் 4 அன்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 67 பேர் அவர் பக்கம், 80 பேர் எதிர்ப்பக்கம். ஹெர்ட்சாக் பதவி விலகினார், ஸ்மட்ஸ் பிரதமரானார், அந்த நாடு போருக்குப் போனது. (வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த நாடாளுமன்றம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) கனடா ஒரு வாரம் பொறுத்திருந்து, நாடாளுமன்றத்தைக் கூட்டி, செப்டம்பர் 10 அன்று தனியாகப் போர் அறிவித்தது.

அயர்லாந்தின் கதை இன்னும் முக்கியமானது. டி வலேரா அரசு நடுநிலை வகிக்கப்போவதாகச் சொன்னது. போர் முடியும்வரை அதைக் காப்பாற்றவும் செய்தது. பிரிட்டனுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் அது முடிந்ததற்கு ஒரு காரணம் 1938இல் இருக்கிறது. அயர்லாந்துக் கரையில் பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்த மூன்று துறைமுகங்களை அந்த ஆண்டு பேசி வாங்கியிருந்தார் டி வலேரா. துறைமுகங்கள் பிரிட்டனின் கையிலேயே இருந்திருந்தால், அங்கிருந்து கிளம்பும் போர்க்கப்பல்களை ஜெர்மனி தாக்கியிருக்கும். அயர்லாந்து எத்தனை முறை நடுநிலை என்று சொன்னாலும் பயன் இருந்திருக்காது. போர் வருவதற்கு ஓராண்டு முன்பே அந்தக் கதவை அவர் அடைத்துவிட்டார்.

இந்தியாவில் கதவு திறந்தே கிடந்தது. அதை அன்றைய தலைவர்கள் அறியாமல் இல்லை. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடே, வரப்போகும் போரின் ஆபத்தைப் பற்றித் தீர்மானம் போட்டது. இந்திய மக்களின் சம்மதம் இல்லாமல் இந்தியாவை ஏகாதிபத்தியப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்றது. அதையே பின்னர் வந்த மாநாடுகளும் திரும்பச் சொன்னன. ஆனால், படையும் துறைமுகமும் கஜானாவும் யார் கையில் இருந்தனவோ அவர்களே முடிவெடுத்தார்கள். 1939 ஆகஸ்டில், போர் தொடங்குவதற்கு முன்பே, இந்தியப் படைகள் எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேற்றப்பட்டன. காங்கிரஸ் காரியக் கமிட்டி கண்டித்தது. மத்திய சட்டசபையின் அடுத்த கூட்டத்தைப் புறக்கணிக்கும்படி தன் உறுப்பினர்களிடம் சொன்னது. கப்பல் போய்விட்டது. செப்டம்பர் 3 அறிவிப்பு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு இடப்பட்ட முத்திரை.

வழியில் இருந்த குற்றம்

நடுநிலை நாடுகள் விழுந்த வழிகளில் முதலாவது பாதை. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 லண்டன் உடன்படிக்கையில் வல்லரசுகள் உறுதி தந்திருந்தன. பிரான்ஸைத் தாக்கப் பெல்ஜியம் வழியாகப் போவதுதான் சுலபம் என்று ஜெர்மன் தளபதிகள் கணக்குப் போட்டதும், 1914 ஆகஸ்ட் 4 அன்று அந்த உறுதி காற்றில் போனது. 1940இல் நார்வேக்கும் இதே கதி. ஸ்வீடனின் இரும்புத் தாது குளிர்காலத்தில் பெரும்பாலும் நார்வேயின் நார்விக் துறைமுகம் வழியாகத்தான் ஜெர்மனிக்குப் போனது. அந்தப் போக்குவரத்தைத் தடுக்கப் பிரிட்டன் ஏப்ரல் 8 அன்று நார்வேயின் கடலில் கண்ணிவெடி விதைத்தது. மறுநாளே ஜெர்மனி படையோடு இறங்கியது. இரண்டு பக்கமும் நார்வேயின் நடுநிலையை மிதித்தன. அந்த நாடு செய்த குற்றம், வழியில் இருந்ததுதான்.

ஈரானும் 1939இல் நடுநிலை என்று அறிவித்த நாடுதான். சோவியத் ஒன்றியத்துக்குத் தளவாடம் கொண்டுபோக அதன் ரயில் பாதை தேவைப்பட்டது. அபாதான் எண்ணெயும் தேவைப்பட்டது. 1941 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனும் சோவியத்தும் இரு பக்கமும் நுழைந்தன. மூன்று வாரத்தில் ரெசா ஷா முடி துறந்தார். பிரிட்டன் தரப்பில் நுழைந்தவற்றில் 8ஆவது, 10ஆவது இந்திய டிவிஷன்கள் முக்கியமானவை. சம்மதமின்றி இழுக்கப்பட்ட ஒரு நாட்டின் பிள்ளைகளைக் கொண்டே இன்னொரு நடுநிலை நாடு இழுக்கப்பட்டது. நம் வரலாற்றில் இந்தப் பக்கத்தை நாம் போதிய அளவு படித்ததில்லை.

தாய்லாந்து (சயாம்) 1941 டிசம்பர் 8 அன்று சில மணி நேரம் எதிர்த்துவிட்டு ஜப்பானியப் படைக்கு வழிவிட்டது. அடுத்த மாதமே பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. அந்த வழி தமிழர்களுக்கு நேரடியாக வினையானது. பர்மாவுக்குப் படையும் பண்டமும் கொண்டுபோக ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அங்கே மாண்டவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. பாங்காக்கில் கொடுக்கப்பட்ட இசைவு ஒன்று, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் தலையில் வந்து விடிந்தது.

கடன் என்னும் கயிறு

இரண்டாவது வழி பணம். அமெரிக்கா 1914இல் நடுநிலை வகித்தது. போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது நடுநிலைக்கு முரணானது என்று வெளியுறவு அமைச்சர் பிரையன் அப்போதே எச்சரித்தார். அவர் 1915இல் பதவி விலகினார். கடன் கொடுப்பது பெருகியது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்தபோது, நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்திருந்த கடன் ஏறத்தாழ 230 கோடி டாலர். ஜெர்மனிக்குக் கொடுத்தது 2.7 கோடி டாலர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்ததும், மெக்ஸிகோவைத் தூண்டிவிட அனுப்பிய ரகசியத் தந்தி வெளிப்பட்டதும் உடனடிக் காரணங்கள். ஆனால், யார் தோற்றால் தன் கடன் மூழ்கும் என்பது அதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது. நாட்டைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர் என்ற பிரச்சாரத்தோடு அதிபர் வில்சன் இரண்டாம் முறை வென்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

இந்தியாவுக்கு நடந்தது இதைவிட விசித்திரமானது. கடன் வாங்கியவர் படும் பாடு நமக்குத் தெரியும்; கடன் கொடுத்தவர் பட்டினி கிடந்த கதை இது. இந்தியாவில் வாங்கிய தளவாடங்களுக்கும், வெளிநாடுகளில் போரிட்ட இந்தியப் படைகளின் செலவில் தன் பங்குக்கும் பிரிட்டன் பணம் தர ஒப்புக்கொண்டது. பணம் லண்டனில், இந்தியாவின் கணக்கில் ஸ்டெர்லிங் வரவாக எழுதிவைக்கப்பட்டது. இங்கே வியாபாரிக்கும் சிப்பாய்க்கும் கொடுக்க ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டது. 1939இல் 200 கோடி ரூபாய்க்கும் குறைவாக இருந்த நோட்டுப் புழக்கம், 1945இல் 1,000 கோடியைத் தாண்டியது. சரக்கு படைக்குப் போயிற்று. நோட்டு சந்தைக்கு வந்தது. விலை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. போர் முடியும்போது பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 130 கோடி பவுண்டுக்கு மேல். கணக்கில் நாம் கடன் கொடுத்தவர்கள். அடுப்படியில் அரிசி இல்லாதவர்கள்.

1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. பர்மாவிலிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் மலையும் காடும் கடந்து நடந்து வந்தார்கள். தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. அந்த ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் பாதி காலியானது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. 1943இல் வங்கத்தில் முப்பது லட்சம் பேர்வரை பசியால் இறந்தார்கள். அதே ஆண்டு சென்னையில் உணவுப் பங்கீடு வந்தது. துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தறியை நம்பியிருந்த சேலத்து நெசவாளிக்கு நூல் தட்டுப்பாடு என்றால் என்ன என்று அந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தார்கள். சுமார் 87,000 பேர் திரும்பவில்லை.

குமாரமங்கலத்தில் ஒரு குடும்பம்

போருக்குள் இழுக்கப்படும் நாடு உள்ளுக்குள் எப்படிப் பிளக்கிறது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டாம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது குமாரமங்கலம். அதன் ஜமீன்தார் ப.சுப்பராயன், 1926 முதல் 1930வரை சென்னை மாகாணப் பிரதமர். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டத்துக்கும் கல்விக்கும் அமைச்சர். சம்மதம் கேட்காமல் போரில் இழுத்ததை எதிர்த்து 1939 அக்டோபர் இறுதியில் அந்த அமைச்சரவை பதவி விலகியபோது, அவரும் விலகினார்.

அவருடைய மகன் பி.பி.குமாரமங்கலம் இந்தியப் படையின் பீரங்கி அதிகாரி. 1942இல் லிபியாவில் ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்குகளை எதிர்த்து நின்று வீரப் பதக்கம் பெற்றார். அங்கேயே எதிரியிடம் சிறைப்பட்டார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதியானவர் அவர். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமைக் கட்சிக்காரர். இது ஏகாதிபத்தியப் போர், இந்தியர் இதில் பங்கெடுக்கக் கூடாது என்று அந்தக் கட்சி தலைமறைவாகத் துண்டறிக்கை பரப்பியது. அவர் சென்னைச் சதி வழக்கில் பி.ராமமூர்த்தி முதலானவர்களோடு சிறை சென்றார். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்த பிறகு, அதே கட்சி இதை மக்கள் போர் என்று சொல்லி ஆதரித்தது.

அப்பா பதவி விலகினார். ஒரு மகன் போர்க்களத்தில் சிறைப்பட்டார். இன்னொரு மகன் போரை எதிர்த்துச் சிறைப்பட்டார். மூவரில் யாரையும் கோழை என்றோ துரோகி என்றோ சொல்ல முடியுமா? மூவரும் தத்தம் மனசாட்சிப்படி நடந்தவர்கள். ராஜாஜியையும் பாருங்கள். 1940 இறுதியில் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். 1942இல் ஜப்பான் வாசலுக்கு வந்ததும், தேசிய அரசு அமைத்துப் போரிட வேண்டும் என்று வாதாடி, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை எதிர்த்து, காங்கிரஸை விட்டே விலகினார். இந்தப் பிளவுகள் அனைத்தும் ஒரு மன்றத்தில் உட்கார்ந்து பேசி, வாக்கெடுத்து, ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டியவை. அந்த மன்றத்தின் கதவை வைஸ்ராய் சாத்தியதால், அவை சிறைக்குள்ளும் போர்க்களத்திலும் கட்சி அலுவலகங்களிலும் போய் வெடித்தன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஹிட்லரை எதிர்த்த போரில் நடுநிலை வகிப்பது சரிதானா? சரியில்லை என்பதே அன்றைய காங்கிரஸின் நிலையும்கூட. 1939 செப்டம்பர் 14 அன்று வார்தாவில் வெளியிட்ட அறிக்கையில் அது நாஜிசத்தைக் கண்டித்தது. இந்தப் போர் ஜனநாயகத்துக்காக என்றால் அந்த ஜனநாயகம் இந்தியாவுக்கும் உண்டா என்று கேட்டது. அக்டோபர் 17 அன்று வைஸ்ராய் தந்த பதிலில் அதற்கு விடை இல்லை. ஆகவே, நடுநிலை எப்போதும் உயர்ந்த அறம் என்று நான் வாதாடவில்லை. சேர்வதா, விலகி நிற்பதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே என் கேள்வி. நியாயமான போரில்கூட, கேட்காமல் இழுக்கப்படுகிறவர் அடிமை. கேட்டுச் சேர்கிறவர் குடிமகன்.

சுதந்திர நாட்டின் சோதனைகள்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா அணிசேராக் கொள்கையை எடுத்ததற்கு 1939இன் காயம் ஒரு பெரிய காரணம். அந்தக் கொள்கை வென்ற இடங்கள் உண்டு. கொரியப் போருக்கு இந்தியா போர்வீரர்களை அனுப்பவில்லை. மருத்துவப் படையை அனுப்பியது. போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் தளபதி திம்மையா. சறுக்கிய இடங்களும் உண்டு. 1991 வளைகுடாப் போரின்போது, அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு இடம் கொடுத்தது. செய்தி வெளியாகி, ராஜீவ் காந்தி உள்ளிட்டோர் எதிர்த்த பிறகுதான் அது நின்றது. நம் மண்ணில் நடந்த இந்த உதவி, நாடாளுமன்றத்தைக் கேட்டுக் கொடுக்கப்பட்டதல்ல.

அண்டை நாட்டிலும் பாடம் இருக்கிறது. 1971 தொடக்கத்தில், தன் வான்வழியாகப் பாகிஸ்தான் விமானங்கள் பறக்க இந்தியா தடை விதித்தது. அணிசேரா நாடான இலங்கை, கட்டுநாயக்கவில் அவை இறங்கி எரிபொருள் நிரப்ப அனுமதித்தது. கிழக்கு வங்கத்துக்குப் போன அந்தப் பயணங்களில் பயணி யார், சிப்பாய் யார் என்ற சந்தேகம் டெல்லியில் எழுந்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையே கசப்பு வளர ஓர் ஓடுபாதை போதுமாக இருந்தது.

தமிழர்கள் மறக்கவே முடியாத சோதனை 1987. இந்திய - இலங்கை உடன்பாடு ஜூலை 29 அன்று கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. இரு தரப்புக்கும் நடுவில் நிற்கப் போன படை அது. அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு முழுப் போரில் இறங்கியிருந்தது. 1990 மார்ச்சில் அது திரும்பும்போது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். ஈழத்துத் தமிழ்க் குடிமக்கள் பட்ட துயரம் இன்றும் அங்கே பேசப்படுகிறது. கையெழுத்துக்கும் படை இறங்கியதற்கும் இடையே ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் எந்த மன்றம் எதை விவாதித்திருக்க முடியும்?

இதற்கு எதிரான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 2003இல் அமெரிக்கா ஈராக்கைத் தாக்கியபோது, இந்திய நாடாளுமன்றம் ஏப்ரலில் கட்சி வேறுபாடின்றி அதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பின்னர், ஈராக்கில் நிறுத்த ஒரு டிவிஷன் அளவுக்குப் படை தரும்படி அமெரிக்கா கேட்டது. அரசுக்குள்ளேயே ஆதரவுக் குரல்கள் இருந்தன. ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு முடியாது என்றது. மறுப்பதற்குத் தேவையான தெம்பை அந்த அரசுக்குக் கொடுத்தவற்றில் நாடாளுமன்றத் தீர்மானம் முதன்மையானது. பெரிய நாட்டின் முன் ஒரு பிரதமர் தனியாக நிற்பதற்கும், ஒரு நாடாளுமன்றத்தோடு நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஆற்றின் இரு கரை

இன்றைக்கு ஒரு மாவட்டத்தை எந்தக் கயிறுகள் போரோடு பிணைக்கின்றன என்று பார்க்கக் காவிரிக் கரையில் இருக்கும் மோகனூர் நல்ல இடம். மேட்டூரில் மதகைத் திறந்தால் மோகனூர்ப் படித்துறையில் தண்ணீர் ஏறுவதுபோல, எங்கோ எடுக்கப்படும் முடிவுகள் இங்கே வந்து ஏறுகின்றன. வாங்கல் பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டம். கரூரின் படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும் திரைச்சீலையும் அமெரிக்க வீடுகளுக்குப் போகின்றன. உக்ரைன் போருக்குப் பிறகு இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் அதிகமாக வாங்கியது. அதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது கூடுதலாக 25 விழுக்காடு வரி போட்டது அமெரிக்கா. மொத்தம் 50 விழுக்காடு ஆனது. இந்தியா அந்தப் போரில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனாலும், கரூரில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண் அந்தப் போருக்கு வரி கட்டினார். வேலை என்று நம்பிப்போன இந்திய இளைஞர்கள் ரஷ்யப் படையில் சிக்கிக் களத்தில் இறந்ததும் இதே போரில்தான்.

மோகனூர் பக்கம் நாமக்கல். இங்கிருந்து முட்டை கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், மாலத்தீவுக்குப் போகிறது. தென் மாநிலங்களில் ஓடும் கேஸ் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். நாம் இறக்குமதி செய்யும் சமையல் எரிவாயுவின் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வருகிறது. அந்தக் கடலில் கப்பல் நின்றால், கண்டெய்னரில் முட்டையும் நிற்கும், ரோட்டில் டேங்கரும் நிற்கும்.

கத்தாரின் அனுபவத்தை நாமக்கல்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். சண்டையிடும் தரப்புகளுக்கு நடுவே பேச்சு நடத்திக்கொடுப்பதையே தன் கொள்கையாக வைத்திருக்கும் நாடு அது. கூடவே, அல் உதைதில், மேற்காசியாவிலேயே அமெரிக்காவின் மிகப் பெரிய ராணுவத் தளத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று, அந்தத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. செப்டம்பர் 9 அன்று, பேச்சுவார்த்தைக்காகத் தோஹாவில் இருந்த ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து இஸ்ரேல் குண்டு போட்டது. மூன்று மாதத்துக்குள் இரு எதிர் முகாம்களிடமும் அடி வாங்கியது, யாரோடும் போரில் இல்லாத ஒரு நாடு. பணமும் நட்பும் தளமும் இருந்தும் அதனால் தப்ப முடியவில்லை. அதில் தளம்தான் முதல் அடியை அழைத்து வந்தது.

இந்தியாவில் அந்நியத் தளம் இல்லை. அது நம் அரசுகள் தொடர்ந்து காத்துவரும் நல்ல மரபு. ஆனால், 2016 ஆகஸ்டில் அமெரிக்காவோடு ராணுவத் தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. கூட்டுப் பயிற்சி, பேரிடர் உதவி போன்றவற்றின்போது ஒருவர் மற்றவரின் துறைமுகத்தில் எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெறலாம். வேறு சமயங்களில் ஒவ்வொரு முறையும் தனித்தனியாக முடிவெடுக்கப்படும் என்று அரசு விளக்கியது. வேறு நாடுகளோடும் இத்தகைய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அமைதிக் காலத்தில் இவை பயனுள்ளவை. போர்க்காலத்தில், அந்தத் தனித்தனி முடிவை யார் எடுப்பார், யாரிடம் சொல்வார்? நம் அரசமைப்பின்படி வெளிநாட்டு ஒப்பந்தங்களை அமைச்சரவையே செய்துகொள்ளலாம்; நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் இல்லை. வைஸ்ராய் போய்விட்டார், அவர் அமர்ந்திருந்த இடத்தில் நாம் தேர்ந்தெடுத்த அரசு அமர்ந்திருக்கிறது. அது பெரிய மாற்றம். ஆனால், கேட்க வேண்டிய கட்டாயத்தை நாம் இன்னும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்க வேண்டியவை

போர் விஷயத்தில் வேகமும் ரகசியமும் தேவை, நாடாளுமன்றம் தாமதப்படுத்தும் என்பார்கள். நம்மைத் தாக்க வருகிறவர்களை எதிர்ப்பதற்கு இது பொருந்தும். அங்கே எந்த அரசும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பிறருடைய போர்களுக்கு இது பொருந்தாது. ஜெர்மனியில் படையை வெளிநாட்டுப் போர்ப் பணிக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. அதனால் அந்த நாடு பாதுகாப்பை இழந்துவிடவில்லை. 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலில் சேரும் தீர்மானத்தை பிரிட்டிஷ் மக்களவை 285க்கு 272 என்ற கணக்கில் தோற்கடித்தது. நமக்காக 1939இல் போர் அறிவித்த நாடு, தன் மக்களின் பிரதிநிதிகளுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தது.

ஆகவே, சட்டமாக வேண்டியவை நான்கு. ஒன்று: அந்நியப் படைகளுக்கு நம் துறைமுகம், விமானத் தளம், எரிபொருள், வான்வழி ஆகியவற்றைத் தரும் எந்த ஒப்பந்தமும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு வாக்கெடுக்கப்பட வேண்டும். இரண்டு: வேறு நாடுகளுக்கிடையே போர் மூண்டால், அத்தகைய எந்த அனுமதிகள் நடப்பில் இருக்கின்றன என்பதை அரசு குறித்த நாட்களுக்குள் அவையில் சொல்ல வேண்டும். மூன்று: வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதற்கு, அது அமைதிப் பணி என்ற பெயரில் போனாலும், இரு அவைகளின் ஒப்புதலும், திரும்பும் காலக் கெடுவும் வேண்டும். நான்கு: பிறர் போரால் விழும் வரி, தடை, கடல்வழி முடக்கம் ஆகியவற்றால் அடிபடும் மாவட்டங்களுக்கு உதவி, மனு கொடுத்துக் காத்திருந்து வாங்கும் சலுகையாக இல்லாமல், சட்டப்படி கிடைக்க வேண்டும்.

இவை எதுவும் இந்தியாவைப் பலவீனமாக்காது. அழுத்தம் கொடுக்க வரும் வல்லரசிடம், எங்கள் நாடாளுமன்றம் ஒப்பவில்லை என்று சொல்லக்கூடிய பிரதமர், தானே முடிவெடுக்க வேண்டிய பிரதமரைவிட வலிமையானவர். அடுத்த மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், நாமக்கல்லிலும் கரூரிலும் திருப்பூரிலும் நாம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்: பிறருடைய போருக்கு நம் துறைமுகத்தையும் பிள்ளைகளையும் கொடுப்பதற்கு முன் எங்களைக் கேட்பதற்கு ஒரு சட்டம் கொண்டுவருவீர்களா? அதற்கு நேரான பதில் சொல்பவருக்கே நம் வாக்கு என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.